விமான மைல்கள்: சேர்க்கலாமா, வேண்டாமா?

எங்கள் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. கொல்லிமலைக்குச் செல்பவர்கள், காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்பாகக் கடந்து போகும் ஊர். விமானம் ஏற வேண்டும் என்றால் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திற்குச் செல்ல வேண்டும், இல்லையேல் திருச்சி. எதற்குச் சென்றாலும் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். இந்த ஊர்க்காரனுக்கு, அடிக்கடி பறப்பவர்களுக்கான பரிசுத் திட்டம் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் உண்டு; வளைகுடா நாடுகளுக்குச் சென்று வருபவர்கள் உண்டு; என்னைப் போல சாஃப்ட்வேர் வேலைக்காக மாதந்தோறும் பறப்பவர்களும் உண்டு. எல்லோருடைய போனிலும் ஏர்லைன்ஸ் ஆப் ஒன்றாவது இருக்கிறது. அதைத் திறந்தால் "உங்கள் கணக்கில் இத்தனை மைல்கள்" என்று ஓர் எண் தெரிகிறது. அந்த எண் உண்மையில் எத்தனை ரூபாய் என்று நம்மில் பலரும் கணக்குப் பார்ப்பதில்லை. நானும் இரண்டு ஆண்டுகள் பார்க்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைப் பின்னர் சொல்கிறேன்.

மைல் என்பது என்ன?

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. நிறுவனங்களுக்கிடையே போட்டி அதிகமானது. வாடிக்கையாளரைத் தக்க வைத்துக் கொள்ள வழி தேடிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1981 மே மாதம் 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பறந்த தூரத்திற்கு ஏற்ப மைல்கள் தரப்பட்டன; சேர்ந்த மைல்களைக் கொடுத்து இலவச டிக்கெட் வாங்கலாம். இதற்குப் பின்னணியில் இருந்தது அந்த நிறுவனத்தின் 'சேபர்' என்ற டிக்கெட் பதிவு கம்ப்யூட்டர் அமைப்பு. யார் எத்தனை முறை பறக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக் கொள்ள முடிந்ததால்தான் இத்திட்டமே சாத்தியமானது. சுருக்கமாகச் சொன்னால், இது ஒரு டேட்டாபேஸ் பெற்ற பிள்ளை.

இன்று பல நிறுவனங்களில் பறக்கும் தூரம் கணக்கில் வருவதில்லை. டிக்கெட்டுக்குச் செலவழித்த தொகையே கணக்கு. ஏர் இந்தியாவின் 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' திட்டம் 2024ஆம் ஆண்டு இம்முறைக்கு மாறியது. இப்போது அது 'மகாராஜா கிளப்' என்ற பெயரில் உள்ளது. இண்டிகோவும் 2024ஆம் ஆண்டு 'ப்ளூசிப்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. இதில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். 2006ஆம் ஆண்டு பறக்கத் தொடங்கிய இண்டிகோ, கிரெடிட் கார்டுடன் சேர்ந்த பரிசுப் புள்ளிகள் தவிர, அடிக்கடி பறப்பவர்களுக்கென்று தனித் திட்டம் எதுவும் இல்லாமலேயே இந்தியாவின் மிகப் பெரிய விமான நிறுவனமாக வளர்ந்தது. பெரும்பாலான பயணிகள் மைலைப் பார்த்து டிக்கெட் வாங்கவில்லை. விலையையும் நேரத்தையும் பார்த்து வாங்கினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நன்மைகள்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம்.

1. சேருவதற்குக் கட்டணம் இல்லை. வெப்சைட்டில் பெயர், இமெயில், போன் எண் கொடுத்தால் உறுப்பினர் எண் கிடைத்துவிடும். எப்படியும் பறக்கப் போகிறீர்கள் என்றால் அந்த எண்ணை டிக்கெட்டில் பதிவு செய்வதில் நஷ்டம் இல்லை.

2. டிக்கெட்டுக்குக் கம்பெனி பணம் கொடுத்தாலும் மைல் பொதுவாக உங்கள் கணக்கில்தான் சேரும். வேலைக்காக மாதம் இரண்டு, மூன்று முறை பறப்பவருக்கு இது நல்ல வரவு.

3. அடிக்கடி பறந்து சில்வர், கோல்டு என்று உயர்நிலை உறுப்பினர் ஆனால் கூடுதல் லக்கேஜ், தனி வரிசை, ஓய்வறை போன்ற வசதிகள் கிடைக்கும். ஊருக்கு வரும்போது பெட்டி நிறையப் பொருள்களோடு வருபவருக்கு இந்தக் கூடுதல் கிலோக்கள் இலவச டிக்கெட்டை விடப் பயனுள்ளவை.

4. ஒரு நிறுவனத்தில் சேர்த்த மைலை அதன் கூட்டணி நிறுவனங்களிலும் பயன்படுத்தலாம். ஏர் இந்தியா 2014ஆம் ஆண்டு ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இணைந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதே கூட்டணியில் உள்ளது.

குறைகள்

மைல் என்பது ஒரு நாணயம் போலத் தோன்றும். ஆனால் அதை அச்சடிப்பதும், அதன் மதிப்பைத் தீர்மானிப்பதும், செல்லாது என்று அறிவிப்பதும் ஒரே நிறுவனம். ரூபாய்க்கு ரிசர்வ் வங்கி இருக்கிறது. மைலுக்கு அப்படி ஒருவரும் இல்லை. திட்டத்தில் சேரும்போது நாம் படிக்காமலேயே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் செய்யும் விதிமுறைகளில் இந்த அதிகாரம் முழுவதும் அவர்களுக்கு எழுதித் தரப்படுகிறது.

இரண்டாவது, காலாவதி. திருச்சியில் இருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் விமானத்தில் செல்பவர்களுக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல் கிடைக்கும். அந்த மைலின் ஆயுள் மூன்று ஆண்டுகள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்கு வரும் ஒருவருக்கு, உருப்படியாக ஒரு டிக்கெட் வாங்கும் அளவு சேர்வதற்குள் பழைய மைல்கள் கழிந்துவிடும். அடிக்கடி பறக்காதவருக்கு இது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

மூன்றாவது, நிறுவனமே மறைந்து போவது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. அதன் கிங் கிளப் உறுப்பினர்கள் சேர்த்து வைத்திருந்த மைல்களும் அதோடு வீணாயின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. ஆனால் அதன் ஜெட்பிரிவிலேஜ் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் தப்பியது. அதே ஆண்டு இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறியது. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது உறுப்பினர்களின் புள்ளிகள் புதிய திட்டத்திற்கு மாற்றப்பட்டன. ஆக, மூன்று நிறுவனங்களின் கதையில் உறுப்பினர்களுக்கு மூன்று விதமான முடிவு. எந்த முடிவையும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். உடான் திட்டத்தில் 2018 மார்ச் மாதம் சேலத்தில் இருந்து சென்னைக்கு ட்ரூஜெட் பறக்கத் தொடங்கியது. 2021ல் அது நின்று போனது. 2023 அக்டோபரில்தான் வேறு நிறுவனங்கள் மூலம் மீண்டும் விமானம் வந்தது. சிறிய ஊர் விமான நிலையத்தை நம்பி இருப்பவர் ஒரே நிறுவனத்தோடு தன்னைக் கட்டிப் போட்டுக் கொள்வது எவ்வளவு சரி என்று யோசிக்க வேண்டும்.

அப்படியானால் இத்திட்டங்களால் யாருக்கு லாபம்? கொரோனா காலத்தில் விடை வெளிப்படையாகத் தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்ற 2020ல் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம், தன் மைல் திட்டத்தை அடமானமாகக் காட்டி 680 கோடி டாலர் திரட்டியது. 2021ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதே வழியில் 1,000 கோடி டாலர் திரட்டியது. கிரெடிட் கார்டு தரும் வங்கிகளுக்கு மைல்களை மொத்தமாக விற்பது இந்நிறுவனங்களுக்கு நிலையான வருமானம். இலவசமாகத் தருவதாக நாம் நினைக்கும் பொருளை அடகு வைத்துக் கடன் வாங்க முடிகிறது என்றால் அது எவ்வளவு பெரிய வியாபாரம் என்று புரிந்து கொள்ளலாம்.

நான் போட்ட கணக்கு

இனி என் கதை. 2022ஆம் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகள், ஒரு புராஜெக்ட்டுக்காக மாதம் ஒரு முறை சென்னையில் இருந்து டெல்லிக்குச் சென்று வந்தேன். இருப்பதிலேயே விலை குறைந்த டிக்கெட்டுக்குத்தான் கம்பெனி பணம் தரும். வேறு விமானம் வேண்டும் என்றால் வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டும். நான் ஒரே ஏர்லைன்ஸில் பறந்து மைல் சேர்ப்பது என்று முடிவு செய்து, டிக்கெட்டுக்கு 400, 600 என்று கையில் இருந்து போட்டேன். நோக்கம் நல்ல நோக்கம்தான். என் அப்பா லாரி டிரைவராக இருந்தவர். நாமக்கல்லில் இருந்து டெல்லிக்கு எத்தனை முறை லோடு ஏற்றிச் சென்றார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. விமானத்தில் ஏறியதே இல்லை. அவரையும் அம்மாவையும் இலவச டிக்கெட்டில் டெல்லிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது திட்டம்.

ஒருவர் ஒரு வழி செல்ல 9,500 புள்ளிகள். இருவர் சென்று திரும்ப 38,000. சரியாக 38,000 சேர்ந்த பிறகு வெப்சைட்டைத் திறந்தால் 13,000 என்று காட்டியது. தேவையான புள்ளிகளை உயர்த்தப் போவதாக மெயில் அனுப்பியிருக்கிறார்கள். அது ஜிமெயிலில் விளம்பர மெயில்கள் விழும் 'புரமோஷன்ஸ்' பகுதியில் திறக்கப்படாமல் கிடந்தது. நான் கேட்ட விடுமுறைத் தேதியில் புள்ளிக்கான இருக்கையும் இல்லை.

அன்றிரவு எக்ஸெல்லைத் திறந்து உட்கார்ந்தேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. நீங்களும் செய்து பாருங்கள். ஒரு கட்டத்தில் டிக்கெட்டின் ரொக்க விலை. அடுத்ததில் இலவச டிக்கெட்டுக்கும் கட்ட வேண்டிய வரி, கட்டணங்கள். மூன்றாவதில் தேவைப்படும் புள்ளிகள். முதலாவதில் இரண்டாவதைக் கழித்து மூன்றாவதால் வகுத்தால் ஒரு புள்ளியின் உண்மை மதிப்பு கிடைக்கும்.

எனக்கு வந்த விடை இது. டிக்கெட் விலை 6,000 ரூபாய், வரி 1,000 ரூபாய். 9,500 புள்ளிகள் என்றிருந்தபோது ஒரு புள்ளி சுமார் 53 பைசா. 13,000 ஆன பிறகு சுமார் 38 பைசா. என் 38,000 புள்ளிகளின் மதிப்பு 20,000 ரூபாயில் இருந்து ஏறக்குறைய 14,600 ரூபாயாகக் குறைந்துவிட்டது. அதற்காக நான் இரண்டு ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டியது 24,500 ரூபாய். அதாவது, மதிப்பைக் குறைக்கும் முன்பே நான் நஷ்டத்தில்தான் இருந்தேன். ஏர்லைன்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்குப் பார்க்காதது நான்.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். லாரிக்காரர்களுக்கு இது பழைய கதை. எண்ணெய் நிறுவனங்கள் லாரிகளுக்கென்று எக்ஸ்ட்ராபவர், ஸ்மார்ட்ஃப்ளீட் போன்ற கார்டுகளை வைத்திருக்கின்றன. டீசல் போட்டால் புள்ளி ஏறும். "போற வழியில பங்க் இருந்தா போட்டுக்கோணும் கண்ணு. புள்ளிக்காக இருபது கிலோமீட்டர் சுத்திப் போனா, புள்ளியையும் சேர்த்து வண்டியே குடிச்சிப்போடும்" என்றார்.

என் பி.இ. படிப்பும் எக்ஸெல்லும் சொன்னதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். இத்திட்டங்கள் பற்றி என் கருத்தும் அதுதான். போகும் வழியில் கிடைத்தால் எடுத்துக் கொள்ளுங்கள். அதற்காக வழியை மாற்றாதீர்கள்.

கணக்கைப் பாதுகாப்பது எப்படி?

மைல் சேர்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது உங்கள் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம், பயண விவரம் அனைத்தும் அடங்கிய கணக்கு. 2015ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் உறுப்பினர்களின் கணக்குகளில் வெளியாட்கள் நுழைந்ததால் பல ஆயிரம் கணக்குகள் முடக்கி வைக்கப்பட்டன. 2021 மே மாதம் ஏர் இந்தியா, சுமார் 45 லட்சம் பயணிகளின் விவரங்கள் கசிந்ததாக அறிவித்தது. பயணிகள் பதிவைக் கையாளும் சிட்டா என்ற நிறுவனத்தின் சர்வரில் நடந்த திருட்டு அது. கசிந்தவற்றில் அடிக்கடி பறப்போர் கணக்கு விவரங்களும் இருந்தன, பாஸ்வேர்ட்கள் இல்லை. எனவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்.

மைல் கணக்குக்குத் தனி பாஸ்வேர்ட் வையுங்கள். இமெயில் பாஸ்வேர்டையே இங்கும் கொடுக்க வேண்டாம். போர்டிங் பாஸை போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அதன் பார்கோடில் உங்கள் பெயரும் பி.என்.ஆர். எண்ணும் இருக்கும், உறுப்பினர் எண்ணும் இருக்கக்கூடும். பல வெப்சைட்டுகளில் பெயரும் பி.என்.ஆர். எண்ணும் தெரிந்தாலே உங்கள் டிக்கெட்டைத் திறந்து பார்த்துவிடலாம். "உங்கள் புள்ளிகள் இன்றிரவு காலாவதி, உடனே கிளிக் செய்யவும்" என்று வரும் எஸ்.எம்.எஸ். லிங்க்கைத் தொட வேண்டாம். நீங்களாகவே ஆப்பைத் திறந்து பாருங்கள்.

முடிவாக

ஆண்டுக்கு ஓரிரு முறை சொந்தக் காசில் பறப்பவரா? இலவசமாகச் சேருங்கள், ஆனால் டிக்கெட்டை விலையையும் நேரத்தையும் பார்த்தே வாங்குங்கள். மைலுக்காக ஆண்டுக் கட்டணம் உள்ள கிரெடிட் கார்டு வாங்க வேண்டாம். கம்பெனி செலவில் அடிக்கடி பறப்பவரா? ஒரே திட்டத்தில் சேர்ப்பது நல்லது. ஆனால் சேர்த்து வைத்துக் கொண்டே இருக்காமல், தேவையான அளவு வந்ததும் செலவழித்துவிடுங்கள். மைலுக்கு வட்டி கிடையாது, தேய்மானம் உண்டு.

அப்பா, அம்மா பயணம் நடக்காமல் போகவில்லை. சேலத்தில் இருந்து டெல்லி வரை ரொக்கம் கொடுத்து டிக்கெட் எடுத்தேன். சென்னை வரை திரும்பும் நாளைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றியதும் புள்ளிக்கான இருக்கை இரண்டு கிடைத்தது; 26,000 புள்ளிகள் அதில் போயின. தேதியில் பிடிவாதம் இல்லாதவருக்கே புள்ளி பயன்படும் என்பதும் அப்போது தெரிந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்த அப்பா வழி நெடுக கீழேயே பார்த்துக் கொண்டு வந்தார். மேகம் விலகிய ஓரிடத்தில் கோடு போலத் தெரிந்த சாலையைக் காட்டி, "அது நாக்பூர் ரோடு தானே?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்று சொன்னேன்.