சுவரைத் தாண்டாத அலைகளும் தென்கொரிய நுகர்வோரும்

ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவையை 2019 ஏப்ரலில் உலகில் முதன்முதலாக நாடளாவிய ரீதியில் ஆரம்பித்ததாகப் பெருமை பாராட்டிய நாடு தென்கொரியா. விநாடிக்கு 20 கிகாபிட் வேகம் என்று அந்நாட்டின் மூன்று தொலைத்தொடர்பு நிறுவனங்களும் விளம்பரம் செய்தன. மக்களும் கூடிய கட்டணம் செலுத்தி இணைந்துகொண்டனர். ஆனால் அவ்விளம்பரம் உண்மைக்குப் புறம்பானது எனத் தீர்மானித்த நியாய வர்த்தக ஆணைக்குழு, 2023 மே மாதத்தில் மூன்று நிறுவனங்களுக்கும் மொத்தமாக 33.6 பில்லியன் வொன் தண்டம் விதித்தது. பாவனையாளருக்குக் கிடைத்த சராசரி வேகம் 656 முதல் 801 மெகாபிட் வரையே.

20 கிகாபிட் என்பது 28 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை நம்பிச் சொல்லப்பட்ட கணக்கு. அங்கே பரந்த அலைக்கற்றை கிடைப்பதால் வேகம் மிகுதி. தூரமோ சில நூறு மீற்றர்கள்தான். அலைநீளம் ஒரு சென்ரிமீற்றரைச் சற்றே மிஞ்சும் இவ்வலைகளைக் கொங்கிறீற் சுவர், உலோகப் பூச்சுள்ள யன்னல் கண்ணாடி, மரத்தின் இலைகள், கனமழை, ஏன், தொலைபேசியைப் பிடித்திருப்பவரின் கையே கூட மறித்துவிடும். 3.5 கிகாஹேர்ட்ஸில் ஒரு கோபுரம் காக்கும் பரப்புக்கு இங்கே பல நிலையங்கள் வேண்டும். விளையாட்டரங்கு போன்ற சனநெரிசல் மிக்க இடங்களுக்கு அது பொருந்தலாம். அடுக்குமாடிகள் செறிந்த நகரம் முழுவதற்கும், மலைக்கிராமங்களுக்கும்?

இது பௌதிகவியல் மாணவரும் அறிந்த விடயம். ஆயினும் 2018 ஏலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஏறத்தாழ 207 பில்லியன் வொன் கொடுத்து இவ்வலைவரிசையைப் பெற்றது. நிறுவனத்துக்கு 15,000 நிலையங்கள் வீதம் மூன்றாண்டுகளில் அமைக்க வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. அமைக்கப்பட்டவை அதில் பத்திலொரு பங்கைச் சற்றே தாண்டின. இவ்வலைவரிசையை ஏற்கும் கைத்தொலைபேசிகளை அமெரிக்காவில் விற்ற சாம்சங், தன் தாய்நாட்டில் விற்கவில்லை. நிலையம் இல்லாததால் கருவி இல்லை; கருவி இல்லாததால் நிலையம் இல்லை. 2022 டிசெம்பரில் இரு நிறுவனங்களினதும், 2023 மே மாதத்தில் மூன்றாவதினதும் அனுமதியை அரசு இரத்துச் செய்தது.

நிறுவனங்களைக் குறைகூறுவது இலகு. சுவரைத் தாண்டாத அலைகளை நாடளாவிய சேவைக்குரியவை போல ஏலம் விட்ட அரசுக்கு எவரும் தண்டம் விதிக்கவில்லை. 2024 ஜனவரியில் அதே அலைவரிசை மீண்டும் ஏலத்துக்கு வந்தது. புதிய நிறுவனமொன்று முன்னைய விலையின் இரு மடங்குக்கும் அதிகமாக, 430.1 பில்லியன் வொன்னுக்குக் கேட்டு வென்றது. உறுதியளித்த மூலதனத்தைத் திரட்டத் தவறியமையால் அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே அந்தத் தெரிவும் இரத்தாயிற்று.