பூண்டு விற்ற பிறகுதான் கூலியா?

2016ஆம் ஆண்டு சவூதி ஓஜர் நிறுவனம் பல மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தபோது, ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் உணவுக்கே வழியின்றித் தவித்தனர். ஜித்தாவிலுள்ள நம் துணைத் தூதரகம் முகாம்களுக்கு உணவுப் பொருள் அனுப்ப வேண்டியதாயிற்று. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களுக்கு அச்செய்தி எவ்வளவு வலித்தது என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அதே வலியை நம்மவர் சிலர் உள்ளூர்க் கூலியாளுக்குக் கொடுக்கிறார்களே என்றால், "இது ஊர் வழக்கம் ஹஜ்ரத்" என்கிறார்கள்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகச் செல்லும் சாலையின் கோடியில் இருக்கிறது கிளாவரை. படிப்படியான வயல்களில் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் பகுதி அது. பூண்டை உலர்த்திப் பக்குவப்படுத்தி, வடுகபட்டிச் சந்தையில் நல்ல விலை வரும்வரை வைத்திருப்பது உடையவரின் உரிமை. மார்க்கம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் குளிரில் குனிந்து களை எடுத்த பெண்ணின் கூலியையும் அந்தப் பூண்டுடன் சேர்த்துக் கட்டி வைக்கும் உரிமையை யார் கொடுத்தது? இத்தகைய ஊர்களில் நிலம் குத்தகைக்கு எடுப்போரும் பூண்டு வியாபாரிகளும் சிலர், "சரக்கு போனதும் வாங்கிக்கொள்" என்று கூசாமல் சொல்கிறார்கள்.

"இருவரும் பேசிக்கொண்டதுதானே, தவணைக்கு அனுமதி உண்டே" என்பது அவர்களுடைய வாதம். தவணைக்கு அனுமதி உண்டு. ஆனால் அந்தத் தவணைக்கு நாள் தெரிந்திருக்க வேண்டும். சரக்கு எப்போது போகும் என்பது விற்பவருக்கே தெரியாது. நாள் தெரியாத தவணையை ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் ஃபிக்ஹு ஏற்பதில்லை. மேலும், அடுத்த வேளை அரிசிக்கு வழியில்லாதவள் தலையசைத்ததை மனப்பூர்வமான சம்மதம் என்று கணக்கெழுதுவது எந்த வகை நேர்மை?

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்க ஏவும் நபிமொழி மதரஸாச் சிறுவர்களுக்கும் மனப்பாடம். புகாரியில் உள்ள ஹதீஸ் குத்ஸி இன்னும் கடுமையானது. மறுமையில் தானே எதிராளியாக நிற்கப்போவதாக அல்லாஹ் அறிவிக்கும் மூவரில், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனும் ஒருவன். சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் கிரயத்தைத் தின்றவனோடு அவனை ஒரே வரிசையில் நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள்.

குகையில் அடைபட்ட மூவரின் சம்பவத்தையும் சிலர் தமக்குச் சாதகமாக இழுக்கிறார்கள்; கூலியை முதலாளி பல காலம் வைத்திருந்தாராம். அங்கே கூலியை வாங்காமல் சென்றவர் தொழிலாளி. அவர் திரும்பி வந்து கேட்டபோது, அக்கூலியிலிருந்து பெருகிய கால்நடைகள் அனைத்தையும் முதலாளி ஒப்படைத்தார். பிறர் கூலியை வியாபாரத்தில் சுழற்றிவிட்டு அசலையும் இழுத்தடிப்போர் அந்தச் சம்பவத்தின் பக்கமே வரக்கூடாது.

இமாமுக்கும் முஅத்தினுக்கும் ரமளான் வசூல் வந்த பிறகு சேர்த்துத் தருகிறோம் என்னும் நிர்வாகங்களும் இதில் அடக்கம். அவர்கள் குத்பாவுக்குத் தலைப்பு மட்டும் தவறாமல் கொடுக்கிறார்கள்!

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, தினக்கூலியை அன்றைய வேலை முடியும்போதும், வாரக்கூலியை வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். வேலையை விட்டவருக்கு 2 வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும். கிடைக்காத கூலிக்காக 3 ஆண்டுகள் வரை மனுச் செய்யலாம். பாக்கியுடன் அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் இடமுண்டு. கூலி கொடுக்கப்பட்டதை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. எனவே கையில் சீட்டு இல்லை என்பதற்காக எந்தத் தொழிலாளியும் பின்வாங்க வேண்டாம். வேலை செய்த நாட்களைத் தேதி வாரியாகக் குறித்துக்கொண்டு, உடன் உழைத்த இருவரை அழைத்துக்கொண்டு, தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். அப்படிப் போகிறவரைத் தடுத்து, ஜமாஅத்திலேயே பேசி முடிப்போம் என்று பாதிக் கூலிக்குச் சமாதானம் செய்துவைக்கும் பெரியவர்கள், மீதிப் பாதியைத் தம் பையிலிருந்து தரட்டும்.