திண்ணைப் பேச்சு: செவலைக் கன்றும் ஏலக் கணக்கும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். பக்கத்து வீட்டு அம்மிணி எங்கள் திண்ணையில் எனக்காகக் காத்திருந்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எடை பார்ப்பதுபோல் அசைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, இதை வெச்சா எவ்வளவு குடுப்பாங்க?" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று நினைத்துவிட்டேன். விஷயம் அதுவல்ல. அவள் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். இடது கைக்காரி. மட்டையைத் தூக்கினாளானால் பந்து தறிக்குடோன் கூரையில் போய்த்தான் விழும். அவளைக் கோயமுத்தூரில் விடுதியில் சேர்த்து, கிரிக்கெட் பயிற்சிக்கு அனுப்ப வேண்டுமாம். "தறி ஓட்டற வீட்டுல இதெல்லாம் எதுக்கு?" என்று தகப்பனார் கோபித்துக்கொண்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

"நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணு கமலினியை ஒண்ணரைக் கோடிக்கு மேலே ஏலத்துல எடுத்தாங்களாமா! எம்புள்ளைக்கும் ஒரு நேரம் வராதுங்களா?" என்றாள் அம்மிணி.

அவள் சொன்னது பொய்யல்ல. 2024 டிசம்பரில் பெங்களூரில் பெண்கள் பிரிமியர் லீக் ஏலம் நடந்தது. அப்போது கமலினிக்கு வயது பதினாறு. ஆரம்ப விலை 10 லட்சம். மும்பையும் டில்லியும் போட்டி போட்டுக்கொண்டு கேட்டதில், 1 கோடியே 60 லட்சத்துக்கு மும்பை எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த ஏலப் பட்டியலில் இருந்தவர்கள் 120 பேர். காலி இடம் 19தான். மற்ற நூற்றொரு பேரும் வெறுங்கையோடு நின்றார்கள். அவர்களுடைய தாய்மாரும் அன்றைக்கு டெலிவிஷன் முன்னால்தானே உட்கார்ந்திருந்திருப்பார்கள்?

"ஏலம் என்றால் என்ன அம்மிணி? நம் ஊர் விற்பனைக் கூடத்தில் கொப்பரை ஏலம் நடக்கிறதே, பார்த்ததில்லையா?" என்றேன்.

கொப்பரை நல்ல கொப்பரையாகவே இருக்கட்டும். அன்றைக்கு வந்த வியாபாரிகள் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு சரக்கு தேவை என்பதைப் பொறுத்துத்தானே விலை? ஆட்டக்காரர் ஏலமும் அப்படித்தான். ஓர் அணிக்கு இடது கை மட்டையாளர் வேண்டும், விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கவும் ஆள் வேண்டும் என்றால், இரண்டும் தெரிந்த பெண்ணுக்கு விலை ஏறும். அதே திறமை உள்ளவர் அந்த அணியில் ஏற்கெனவே இருந்துவிட்டால், பெயரைக் கூப்பிடும்போது ஒரு கையும் உயராது. ஏலத் தொகை தேவையின் அளவு. பிள்ளையின் தரத்துக்கு அளவு வேறே.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஏலத்துக்குப் பிறகு கமலினி மலேசியாவில் நடந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடினார். அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56 ஓட்டம் எடுத்தார். இந்தியா கோப்பையை வென்றது. 2025 நவம்பரில் மும்பை அணி அவரை விடாமல் வைத்துக்கொண்டது. எவ்வளவுக்கு? 50 லட்சத்துக்கு! இந்திய அணியில் அதுவரை ஆடாதவர்களுக்கு விதி வகுத்த தொகை அது. ஆட்டம் மேலே போயிற்று. தொகை கீழே வந்தது. விலையைப் பார்த்துப் பிள்ளையை எடை போடுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

எங்கள் மாமனார் மாடு பார்ப்பதில் கெட்டிக்காரர். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேருக்கு மாட்டுச் சந்தை கூடும்போது, அவரைக் கூட்டிப்போய்க் காட்டாமல் எங்கள் உறவில் யாரும் கன்று வாங்கமாட்டார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் தொழுவத்தில் செக்கச் செவேலென்று கன்று பிறந்தது. "இது காங்கேயம் மாடு மாதிரியே இல்லையே, மாமா!" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "ஆறு மாசம் பொறு, சாமி" என்றார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலைதான். ஆறு மாதம் ஆகும்போதுதான் சாம்பல் நிறம் வரும். அவர் கன்றின் நிறத்தைப் பார்க்கவே மாட்டார். தாய்ப் பசுவைப் பார்ப்பார், எலும்பைப் பார்ப்பார், கன்று நடக்கிற நடையைப் பார்ப்பார்.

ஏலத்தில் போன நம் பிள்ளைகளையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அந்த வருஷம் ஆறு ஆட்டத்தில் இரண்டே விக்கெட். அடுத்த ஏலத்தில் 40 லட்சத்துக்கு ஹைதராபாத் போனார். இரண்டு வருஷம் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. "அவ்வளவுதான்" என்று ஊர் சொல்லியிருக்கும். 2020இல் 16 விக்கெட் எடுத்தார். அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலுமாக ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டார்!

வருண் சக்கரவர்த்தியைப் பஞ்சாப் 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. 2019இல் வீசிய முதல் ஓவரிலேயே 25 ஓட்டம் போயிற்று. அந்த வருஷம் அந்த ஓர் ஆட்டத்தோடு சரி. பாதி விலைக்கும் குறைவாக, 4 கோடிக்குக் கொல்கத்தா எடுத்தது. இந்தியா வென்ற 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் மூன்றே ஆட்டத்தில் 9 விக்கெட் அவருடையது. இவர் கட்டடக் கலை படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதை அம்மிணியிடம் இரண்டு முறை சொன்னேன்.

சாய் சுதர்சன் கதை நேர் எதிர். 2022இல் குஜராத் அவரை 20 லட்சத்துக்குத்தான் எடுத்தது. மறு வருஷம் தமிழ்நாட்டு லீக் ஏலத்தில் கோவை அணி அதைவிட அதிகமாக, 21 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்தது! அதே வருஷம் ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 ஓட்டம். 2025இல் 759 ஓட்டம் எடுத்து எல்லாரையும் மிஞ்சினார்.

மூன்று பேருக்கும் ஏலம் நடந்த அன்று யார் சரியாகத் தீர்ப்புச் சொன்னார்கள்? ஒருவருமில்லை. நிறம் வர இரண்டு, மூன்று வருஷம் பிடித்தது.

"அப்ப, பொறுத்திருந்தா எல்லாருக்கும் நிறம் வந்துடுமுங்களா?" என்று அம்மிணி மடக்கினாள். நல்ல கேள்வி. வராது. வந்தவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. வராதவர்களை யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் சங்கிலியை வைக்காதே என்றேன். மகளை அடக்கி வைக்கவும் வேண்டாம் என்றேன். முதலில் மாவட்டத் தேர்வுக்குக் கூட்டிப் போகட்டும். எத்தனை ஓட்டம் எடுத்தாள் என்று கேட்பதோடு, யாருடைய பந்தில் எடுத்தாள் என்றும் கேட்கட்டும். பூஜ்யத்தில் அவுட்டான மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தானாக எழுந்து மைதானத்துக்குப் போகிறாளா என்று தாய் பார்க்கட்டும். பத்தாம் வகுப்புப் புத்தகம் பையில் இருக்கட்டும்.

அம்மிணி ஒரு நாழிகை யோசித்தாள். பிறகு சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாவட்டத் தேர்வுக்கு நான் கூப்பிட்டா அவரு வரமாட்டாருங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றாள்.

சொன்னேன். தறிக்கு விடுமுறை நாளில் தகப்பனாரே மகளைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. நேற்று மாலை எட்டிப் பார்த்தேன். மட்டையின் பிடிக்கு அவர் தம் கையாலேயே பனியன் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சும்மாதானுங்க, பிடி தேஞ்சு போச்சு" என்றார்.