சீனி பார்க்கும் மணிக்கூடு விற்கிற தம்பிமாருக்கு



கொஞ்ச நாளாக நம்ம ஊர் குரூப்களில் ஒரே விளம்பரம்தான். "குத்தத் தேவையில்லை, இரத்தம் தேவையில்லை, கையில கட்டினா சீனி அளவு தெரியும்." அடியில் பச்சை வெளிச்சம் அடிக்கும் ஒரு மணிக்கூடு. கேள்வி கேட்டால், "புது டெக்னாலஜி சேர், படிப்பிக்கிற நீங்களே பின்னுக்கு நிக்கலாமா?" என்கிறார்கள். சரி, டெக்னாலஜியையே பேசுவோம்.

ஒளியால் சீனி அளக்கும் விஞ்ஞானம் உண்மையிலேயே இருக்கிறது. 1990களில் ஜப்பானில் செய்ஜி ஷின்காய், டோனி ஜேம்ஸ் போன்றவர்கள் போரோனிக் அமிலத்தை ஒளிரும் மூலக்கூறு ஒன்றோடு இணைத்தார்கள். குளுக்கோஸ் வந்து ஒட்டினால் ஒளி கூடும், விட்டுப் போனால் குறையும். ஆனால் சாதாரண போரோனிக் அமிலம் குளுக்கோசை விடப் பழங்களில் உள்ள பிரக்டோசைத்தான் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே குளுக்கோசின் அளவுக்குப் பொருந்தும் இடைவெளியில் இரண்டு அமிலங்களை வைத்தார்கள், இரண்டு கையால் பிடிப்பது போல. பிறகு அது கரைந்து போகாமல் இருக்க, நீரைத் தாங்கும் ஜெல்லுக்குள் கட்டி வைக்க வேண்டும். டோக்கியோ ஆய்வாளர்கள் 2011இல் அப்படி ஒரு ஒளிரும் ஜெல் நூலை எலியின் காதுக்குள் வைத்து, தோலுக்கு வெளியிலிருந்தே அந்த ஒளியைப் பார்த்தார்கள். 140 நாள் வரை வேலை செய்தது.

மனிதருக்கும் வந்துவிட்டது. எவர்சென்ஸ் என்ற கருவிக்கு அமெரிக்க எஃப்டிஏ 2018இல் அனுமதி கொடுத்தது. டொக்டர் மேல்கையில் சின்னதாக வெட்டி, ஒளிரும் ஜெல் பூசிய குச்சி ஒன்றைத் தோலுக்கு அடியில் வைப்பார். அதற்கும் இடைக்கிடை விரலில் குத்திப் பார்த்த அளவைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும்!

இப்போது சொல்லுங்கள். இத்தனையிலும் ஜெல் உடம்பின் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. குளுக்கோஸ் வந்து அதில் ஒட்டுகிறது. உங்கள் மணிக்கூட்டில் குளுக்கோஸ் எதில் ஒட்டுகிறது? அந்தப் பச்சை வெளிச்சம் நாடித்துடிப்பு பார்க்க. தன்னாலேயே சீனி அளக்கும் எந்த மணிக்கூட்டுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று எஃப்டிஏ 2024 பெப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. (தோலில் பொருத்திய சென்சரின் அளவை வாங்கிக் காட்டும் மணிக்கூடுகள் வேறு. அதை இதோடு குழப்ப வேண்டாம்.)

"சும்மா ஒரு மணிக்கூடு, இதுல என்ன பெரிய விஷயம்?" என்று ஒருவர் கொமென்ட் போட்டிருந்தார். நோன்பில் சீனி இறங்கி வியர்த்து நடுங்குகிற ஒரு உம்மாவுக்கு மணிக்கூடு 115 என்று காட்டினால், அவ நோன்பை விடுவாவா? 300இல் நிற்கிற வாப்பாவுக்கு 120 என்று காட்டினால் இன்சுலின் போடுவாரா, கிளினிக்குக்குப் போவாரா?

விற்கிற தம்பிமாரே, சீனி வருத்தக்காரர் ஒருவர் விரும்பி வந்தால் அவர் கையில் உங்கள் மணிக்கூட்டைக் கட்டுங்கள். சாப்பிட முன்னர் ஒரு தரம், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தரம், குளுக்கோமீற்றரில் குத்தியும் பார்ப்போம். ஒரு கிழமைக்கு. ஸ்ட்ரிப் காசு நான் தருகிறேன். இரண்டு கணக்கையும் இதே குரூப்பில் போடுவோம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் நேரம் பாருங்கள், நடந்த தூரம் பாருங்கள். அதைப் பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். குரூப் அட்மின்மார் அந்த விளம்பரத்தை இன்றிரவே எடுத்துவிடுங்கள்.