முயற்சியும் முறையும்

முயன்றால் முடியாதது இல்லை என்னும் அறிவுரையைப் போல நம்மிடையே தாராளமாக வழங்கப்படும் பொருள் பிறிதொன்று இல்லை எனலாம். தேர்வில் தவறிய மாணவனுக்கும், நேர்காணலில் தோற்றுத் திரும்பிய பட்டதாரிக்கும், ஆடுகளத்தில் தடுமாறும் இளைஞனுக்கும் ஒரே மருந்தாக இதனையே எடுத்து நீட்டுகிறோம். இவ்வறிவுரை பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே என்பது நம் கருத்து. இரவுபகலாக உழைத்தும் தோற்பவனிடம் ‘இன்னும் உழை’ என்று மட்டும் கூறினால், அவன் தன் பிழையையே இன்னும் அழுத்தமாகச் செய்யப் பழகிவிடுவான். வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் ஆள்வினையுடைமையை 62-ஆம் அதிகாரமாக அமைத்தார். அதற்கு முன்பே தெரிந்து செயல்வகையை 47-ஆம் அதிகாரமாக வைத்தார். இவ்வைப்புமுறை நம் சிந்தனைக்கு உரியது.

முயற்சியோடு முறையும் சேர்ந்தாலன்றி வெற்றி இல்லை என்பதற்கு, ஜப்பான் நாட்டு பேஸ்பால் வீரர் சதஹாரு ஓ என்பாரின் இளமை வரலாறு தக்க சான்றாகும்.

அரை நொடிக்கும் குறைந்த காலம்

கிரிக்கெட்டை நன்கறிந்த நம் மாணவர் பலருக்கு பேஸ்பால் புதிது. இதில் பந்து தரையில் பட்டு எழுவதில்லை. எறிபவர் கையிலிருந்து நேரே மட்டையாளரை நோக்கி வரும். எறிமேட்டுக்கும் மட்டையாளர் நிற்கும் இடத்துக்கும் இடைப்பட்ட தொலைவு 60 அடி 6 அங்குலம். வேகமாக எறியப்படும் பந்து அரை நொடிக்கும் குறைந்த காலத்தில் வந்து சேர்ந்துவிடும். அதற்குள் பந்தைக் கண்டு, அடிப்பதா விடுவதா எனத் தெளிந்து, உருண்டைக் கட்டையைச் சுழற்றியாக வேண்டும். பத்து வாய்ப்புகளில் மூன்றில் வெற்றி காண்பவரே சிறந்த மட்டையாளர் எனப் போற்றப்படுகிறார். எல்லைக்கு அப்பால் பந்தைப் பறக்க அடிப்பது ‘ஹோம் ரன்’. மூன்று முறை தவறி வெளியேறுவது ‘ஸ்டிரைக் அவுட்’. இத்துணை நுட்பமான ஆட்டத்தில் மட்டையாளரின் உடலசைவில் ஒரு சிறு பிழை இருப்பினும் அது பெருந்தோல்வியாக வெளிப்படும்.

அரசன் என்னும் பெயரும் ஏளனமும்

சதஹாரு 1940-ஆம் ஆண்டு டோக்கியோவில் பிறந்தவர். தந்தையார் சீனத்திலிருந்து குடியேறிச் சிற்றுண்டிக் கடை நடத்தியவர், தாயார் ஜப்பானியர். பள்ளிப் பருவத்தில் பந்தெறிவதில் வல்லவராக விளங்கிய சதஹாரு, 1957-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் கோஷியென் அரங்கில் நடந்த நாடளாவிய பள்ளிப் போட்டியில் தம் பள்ளிக்கு வெற்றி தேடித் தந்தார். ஆயினும் அதே ஆண்டில் நடந்த தேசிய விளையாட்டு விழாவில் அவர் பங்கேற்க இயலவில்லை. அவர் ஜப்பானியக் குடியுரிமை இல்லாதவர் என்பதே காரணம். அம்மண்ணிலேயே பிறந்து, அம்மொழியே பேசி வளர்ந்த பதினேழு வயதுச் சிறுவனின் உள்ளத்தை அது எவ்வாறு தைத்திருக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1959-ஆம் ஆண்டு அவர் யோமியூரி ஜயண்ட்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே பந்தெறியும் பணியிலிருந்து மாற்றப்பட்டு மட்டையாளராக நிறுத்தப்பட்டார். கணக்கில் கொள்ளப்பட்ட முதல் 26 வாய்ப்புகளில் ஒருமுறைகூட அவரது அடி பயன் தரவில்லை. 27-ஆவது வாய்ப்பில் அடித்த பந்தோ ஹோம் ரன் ஆயிற்று. ஆற்றல் இருந்தது, அது வெளிப்படும் வழிதான் அடைபட்டிருந்தது. அவ்வாண்டு 193 வாய்ப்புகளில் 72 முறை ஸ்டிரைக் அவுட் ஆனார். அடித்த ஹோம் ரன்கள் ஏழே. அடுத்த ஆண்டு 17 ஹோம் ரன்கள் அடித்துச் சற்றுத் தலை நிமிர்ந்தார். எனினும் 101 முறை ஸ்டிரைக் அவுட் ஆனார். 1961-இல் ஹோம் ரன் எண்ணிக்கை 13-ஆகத் தாழ்ந்தது.

‘ஓ’ என்பது நமக்கு ஓரெழுத்து ஒருமொழி. அவர் குடும்பப் பெயராகிய ‘ஓ’வை எழுதும் எழுத்துக்கோ ‘அரசன்’ என்பது பொருள். பார்வையாளர் அதனையே பிடித்துக்கொண்டு, ‘இவர் அரசர்தாம், ஸ்டிரைக் அவுட்டுக்கு அரசர்’ என்னும் கருத்துப்பட எள்ளி நகையாடினர். சோம்பியிருந்தவரை அவர்கள் நகைக்கவில்லை, முயன்றுகொண்டிருந்தவரையே நகைத்தனர்.

பிழையின் பிறப்பிடம்

1962-ஆம் ஆண்டு அவ்வணியின் மட்டைப் பயிற்சியாளராக ஹிரோஷி அரகாவா பொறுப்பேற்றிருந்தார். சதஹாருவை அவர் முன்பே அறிந்தவர். நடுநிலைப் பள்ளி மாணவராகப் பூங்காவில் ஆடிக்கொண்டிருந்த சதஹாரு, இடக்கைப் பழக்கம் உடையவராயினும் வலக்கை மட்டையாளர் போல நிற்பதைக் கண்டு, இடப்புறம் மாறி நின்று அடிக்குமாறு அறிவுறுத்தியவர் அவரே.

இப்போது அரகாவா கண்டது வேறொரு பிழை. எறிபவர் பந்தை விடும் தறுவாயில் சதஹாருவின் கைகள் தேவையின்றி ஒருமுறை பின்னோக்கி அசைந்தன. அவ்வசைவினால் கட்டை சுழலத் தொடங்குவது ஒரு கணம் பிந்தியது. மொத்தக் காலமே அரை நொடிக்கும் குறைவாக இருக்கும் ஆட்டத்தில் அக்கணம் பெரிது. வலிமை குறைந்ததால் அவர் தோற்கவில்லை. பந்து வந்த பிறகே கட்டை வந்ததால் தோற்றார். இந்நிலையில் இருப்பவரிடம் ‘வலுவாக அடி’ என்றால் கைகள் இன்னும் பின்னே போகும். பிழை இன்னும் பெருகும்.

அரகாவா கண்ட வழி விந்தையானது. எறிபவர் பந்தை விடுவதற்கு முன்னரே வலக்காலைத் தூக்கிக்கொண்டு, இடக்கால் ஒன்றிலேயே நிற்குமாறு பணித்தார். ஒற்றைக்காலில் நிற்பவர் கைகளை வீணே அலைக்க இயலாது; அலைத்தால் நிலை தடுமாறும். ‘கையை அசைக்காதே’ என்று நூறு முறை கூறியும் நிகழாததை, அசைக்க முடியாத நிலையில் நிறுத்திவைத்து நிகழ்த்தினார். நல்லாசிரியரின் நுட்பம் இதுவே என நாம் கருதுகிறோம்.

1962 ஜூலை 1 அன்று, தைய்யோ வேல்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சதஹாரு முதன்முறையாக ஒற்றைக்காலில் நின்றார். அன்றே ஹோம் ரன் ஒன்று அடித்தார். ஆண்டு முடிவில் அவரது ஹோம் ரன்கள் 38. அணிக்கூட்டத்தில் அதுவே முதலிடம். அவ்வாண்டு முதல் 1974 வரை தொடர்ந்து பதின்மூன்று ஆண்டுகள் அம்முதலிடம் அவரை விட்டு அகலவில்லை.

ஒரு நாள் வித்தையன்று

இவ்வரலாற்றை இங்கேயே நிறுத்தினால், காலைத் தூக்கியவுடன் புகழ் வந்ததாகப் பொருள்படும். உண்மை அவ்வாறில்லை. ஒற்றைக்காலில் அசையாது நிற்பதற்கே தனிப் பயிற்சி வேண்டியிருந்தது. அரகாவா அவரை அய்கிடோ என்னும் தற்காப்புக் கலையை நிறுவிய மொரிஹெய் உயேஷிபாவின் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். எதிர்ப்படுவோர்க்கும் தமக்கும் நடுவிலுள்ள இடத்தையும் காலத்தையும் உணரும் உணர்வை ஜப்பானியர் ‘மா’ என்பர். அதனைக் கற்பதே நோக்கம். கூரையிலிருந்து தொங்கும் காகிதத் துண்டை உண்மையான வாளால் வெட்டும் பயிற்சியும் மேற்கொள்ளப்பட்டது. காற்றில் ஆடும் காகிதம் வலிமைக்கு வசப்படாது. வாள் செல்லும் நெறி நேராக இருந்தாலன்றி அது அறுபடாது. அரகாவாவின் இல்லத்தில் கட்டை சுழற்றிப் பழகிய பழக்கத்தில் தரையில் விரித்த பாய் தேய்ந்தது என்பர்.

ஆகவே முறை வந்தபின் முயற்சி குறையவில்லை, பன்மடங்கு பெருகியது. முன்பு வீணாகிய உழைப்பு இப்போது பயன் தரத் தொடங்கியது என்பதே வேறுபாடு.

மாற்றத் தகாதது

மாற்றமே நலம் என்று பொதுவிதி செய்துவிடவும் கூடாது. 1964-இல் ஹிரோஷிமா கார்ப் அணியினர், சதஹாருவின் பந்து பெரும்பாலும் வலப்புறமே செல்வதைக் கணக்கிட்டு, தடுப்பாளர்களை அப்புறமே குவித்து நிறுத்தினர். இடப்புறம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே தட்டிவிட்டால் எளிதில் பயன் கிட்டும். ஆனால் அவ்வாறு தட்டப் பழகினால், அரும்பாடுபட்டு அமைத்த வீச்சு குலையும். சதஹாரு தம் வீச்சை மாற்றவில்லை. தடுப்பாளர்களின் தலைக்குமேல் பந்தைப் பறக்கவிட்டார். அவ்வாண்டில் அவர் அடித்த ஹோம் ரன்கள் 55. தம்மிடமுள்ள பிழைக்காக மாறுவது அறிவு. எதிரி விரித்த வலைக்காக மாறுவது தடுமாற்றம். இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

அதே அணியில் அவரோடு ஆடிய ஷிகெயோ நகஷிமா ஒற்றைக்காலில் நிற்கவில்லை. தமக்கு இயல்பான நிலையிலேயே நின்று பெரும்புகழ் எய்தினார். ஒருவர்க்கு அமைந்த முறை மற்றவர்க்கு விதியாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

சில மறுப்புரைகள்

‘சதஹாரு பிறவியிலேயே திறம் வாய்ந்தவர், யார் கற்பித்தாலும் வென்றிருப்பார்’ எனச் சிலர் கூறக்கூடும். 1959 முதல் 1961 வரை அதே திறம் அவரிடம் இருந்ததே! அன்று அதனை எவர் கண்டார்? திறம் தானே வெளிப்படும் என்று காத்திருந்த மூன்று ஆண்டுகளில் அவர் பெற்றது ஏளனம் ஒன்றே.

‘ஒருவர்க்கு ஓர் ஆசான் என்பது விளையாட்டுக்கு ஒத்துவரும், அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறைக்கு ஒவ்வாது’ என்பது மற்றொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆயினும் வெண்பாவில் தளை தட்டும் மாணவனின் தாளில் ‘மேலும் முயல்க’ என்று எழுதுவதற்கும், ‘நீ ஒற்றெழுத்தைத் தனி அசையாக எண்ணுகிறாய், அங்கேதான் பிழை’ என்று எழுதுவதற்கும் இடையே ஒரு நிமிடமே கூடுதலாகும். முன்னதைப் படித்தவன் இன்னும் பத்து வெண்பாக்களைத் தவறாக அலகிடுவான். பின்னதைப் படித்தவன் பதினோராவதைச் சரியாகச் செய்வான். குர்ஆன் ஓதக் கற்பிக்கும் உஸ்தாத் ‘உரக்க ஓது’ என்பதோடு நிறுத்துவதில்லை. ஒலி தொண்டையில் பிறக்கிறதா, நாவின் நுனியில் பிறக்கிறதா எனக் காட்டித் திருத்துகிறார். தொல்காப்பியர் எழுத்தொலிகளுக்குப் பிறப்பியல் வகுத்ததும் இந்நெறியே. ஒலிக்குப் பிறப்பிடம் இருப்பதுபோலப் பிழைக்கும் பிறப்பிடம் உண்டு. அதனைக் காட்டுவதே கற்பித்தல்.

நிறைவாக

1977 செப்டம்பர் 3 அன்று சதஹாரு தம் 756-ஆவது ஹோம் ரன்னை அடித்து, அமெரிக்க வீரர் ஹாங்க் ஆரோன் எட்டிய 755 என்னும் எண்ணிக்கையைக் கடந்தார். ஜப்பானிய அரசு ‘மக்கள் மதிப்பு விருது’ என ஒன்றைப் புதிதாக ஏற்படுத்தி, முதன்முதலாக அவருக்கே வழங்கிற்று. குடிமகன் அல்லர் என ஒரு விழாவிலிருந்து விலக்கப்பட்டவரை, இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்நாடே தன் மதிப்புக்குரியவராக ஏற்றது. 1980-இல் ஓய்வு பெற்றபோது அவரது ஹோம் ரன்கள் 868.

வாயிலில் நிறுத்தப்பட்டவர்களும், வந்தபின் எள்ளப்பட்டவர்களும் நம் கல்விக்கூடங்களிலும் இருக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்து, முதற்பருவத் தேர்வில் தவறி, பின்வரிசையில் ஒடுங்கியிருக்கும் மாணவனும் மாணவியும் அத்தகையோரே. அவர்களைத் ‘தேறாதவர்’ என ஒதுக்குமுன், அவர்தம் பிழையின் பிறப்பிடத்தை நாம் ஒருமுறையேனும் தேடினோமா என வினவிக்கொள்வது ஆசிரியராகிய நம் கடமை. பழகிய வழியே சிறந்த வழி என முரண்டு பிடியாமல், காரணம் விளங்கியபின் மாறத் துணிவதும், மாறியபின் பாய் தேயும்வரை பயில்வதும் மாணவர் கடமை. இவ்விரு கடமைகளும் ஒருங்கே நிறைவேறும் இடத்தில்தான் முயற்சி தன் கூலியைப் பெறும்.