தனியார் ஜெட்: சிறிய இயந்திரம், பெரிய தாகம்

தனியார் ஜெட் விமானங்களைப் பற்றிச் சமூக ஊடகங்களில் விவாதம் கிளம்பும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கும். ‘தடை செய்யுங்கள்’ என்பது ஒன்று. ‘தொழில்நுட்பம் வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது மற்றொன்று. இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு இரண்டாவது குரல்மீதுதான் சந்தேகம். எவ்வளவு தூரம் சரியாகும் என்பதற்கான பதில், அந்த விமானங்களின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய டர்போஃபேன் இயந்திரத்துக்குள் இருக்கிறது.

முதலில் செய்தியைப் பார்த்துவிடுவோம். ஸ்டெஃபான் கோஸ்லிங் குழுவினர் 2024 நவம்பரில் ‘கம்யூனிகேஷன்ஸ் எர்த் அண்ட் என்வைரன்மன்ட்’ ஆய்விதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2019க்கும் 2023க்கும் இடையே தனியார் விமானங்களின் கரிம வெளியேற்றம் 46 விழுக்காடு கூடியதாக அது கணக்கிட்டது. 2023ல் மட்டும் 15.6 மில்லியன் டன். பயணிகள் விமானங்களின் வெளியேற்றத்தோடு ஒப்பிட்டால் இது 2 விழுக்காட்டுக்கும் குறைவுதான். ஆனால் என் கண்ணில் பட்டது வேறோர் எண். அந்தப் பயணங்களில் ஏறக்குறைய பாதி, 500 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரம் கொண்டவை. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வான்வழியே 300 கிலோமீட்டர் சொச்சம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இயந்திரம். எந்த ஜெட் இயந்திரமும் காற்றைப் பின்னால் தள்ளித்தான் முன்னே போகிறது. உந்துவிசை, தள்ளப்படும் காற்றின் நிறையையும் அதற்குக் கொடுக்கப்படும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. செலவாகும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினால் உந்துவிசை அதேதான். பின்னால் வீணாகும் ஆற்றல் பாதியாகிவிடும். உயர்நிலைப்பள்ளி இயற்பியலிலேயே இதைச் சரிபார்த்துவிடலாம். டர்போஃபேனின் முன்பக்கத்தில் அகலமான விசிறி இருப்பது இதற்காகத்தான். உள்ளே போகும் காற்றில் ஒரு பகுதி மட்டுமே எரிபொருளோடு சேர்ந்து எரிந்து டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் விசிறியைச் சுழற்ற, மீதிக் காற்று எரியாமலேயே இயந்திரத்தின் மையத்தைச் சுற்றிப் பின்னால் போகிறது.

பெரிய பயணிகள் விமானங்களுக்கான ட்ரென்ட் 1000 இயந்திரத்தில், மையத்தினுள் செல்லும் காற்றைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு வெளியே போகிறது. விசிறியின் குறுக்களவு 2.85 மீட்டர். சிறிய செஸ்னா ஜெட் விமானங்களில் வந்த வில்லியம்ஸ் எஃப்ஜே44 இயந்திரத்தின் முதல் வகையில் விசிறி அரை மீட்டரைச் சற்றே தாண்டும். அங்கே அந்த விகிதம் மூன்று மடங்கு சொச்சம்தான்.

அப்படியானால் விசிறியைப் பெரிதாக்கினால் போதாதா? பெரிய விசிறியைச் சுழற்ற, மையம் நன்றாக உழைக்க வேண்டும். சிறிய இயந்திரத்தின் சிக்கல் மையத்தில்தான் தொடங்குகிறது.

கம்ப்ரசரில் சுழலும் தகடுகளின் நுனிக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் சூட்டில் விரியும் உலோகம் உரசிவிடும். இந்த இடைவெளி 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தகட்டின் உயரம் 30 மில்லிமீட்டர் என்றால் அது 1 விழுக்காடு. தகடு 10 மில்லிமீட்டராகச் சுருங்கினாலும் இடைவெளி அதே அளவுக்குச் சுருங்காது. இப்போது அது 3 விழுக்காடு. அமுக்கிய காற்று அந்த வழியாகப் பின்னோக்கிக் கசியும். இயந்திரத்தைச் சிறிதாக்கலாம், உற்பத்தித் துல்லியத்தை அதே விகிதத்தில் சிறிதாக்க முடியாது.

வெப்பமும் இப்படித்தான். பெரிய இயந்திரங்களில் டர்பைன் தகடுகளை மோதும் வாயு, அந்த உலோகத்தின் உருகுநிலையையே தாண்டிய சூட்டில் இருக்கும். தகட்டுக்குள் நுண்ணிய குழாய்கள் அமைத்துக் காற்றைச் செலுத்திக் குளிர்விக்கிறார்கள். கட்டைவிரல் அகலத் தகட்டுக்குள் அத்தனை குழாய்களையும் எங்கே வைப்பது? எனவே சூட்டைக் குறைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது. சூடு குறைந்தால் எரிபொருளிலிருந்து பிழியக்கூடிய வேலையும் குறையும்.

இதையெல்லாம் மீறிப் பொறியாளர்கள் செய்திருப்பது சாதாரணமல்ல. 1960களின் லியர்ஜெட் 23ல் இருந்த சிஜே610 இயந்திரத்தில் விசிறியே கிடையாது. எதிரியை ஏமாற்றும் போலி ஏவுகணைக்காக உருவான இயந்திரத்தின் வாரிசு அது. எரிபொருளைக் குடித்தது, காதையும் பிளந்தது. 1972ல் உற்பத்திக்கு வந்த காரெட் டிஎஃப்இ731, விசிறிக்கும் டர்பைனுக்கும் இடையே ஒரு கியர் பெட்டியை வைத்தது. சிறிய டர்பைன் வேகமாகச் சுழன்றால்தான் நன்றாக வேலை செய்யும். விசிறிக்கோ நிதானம் வேண்டும். கியர் இருவரையும் சமாதானப்படுத்தியது. ஏ320நியோ விமானத்தில் பிராட் அண்ட் விட்னியின் கியர் இயந்திரம் 2016ல் சேவைக்கு வந்தபோது ஏதோ புதுமைபோல் கொண்டாடினார்கள். சின்னத் தம்பி 40 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்ட வேலை அது!

டிஎஃப்இ731 இன்னொன்றையும் செய்தது. கம்ப்ரசரின் கடைசிக் கட்டத்தில் வரிசையான குட்டித் தகடுகளுக்குப் பதிலாக ஒரே சக்கரம். துணி துவைக்கும் இயந்திரம் பிழியும்போது தண்ணீர் ஓரத்துக்கு வீசப்படுவதுபோல, அது காற்றை மையத்திலிருந்து வெளிப்புறமாக வீசி அமுக்கும். ஹோண்டாஜெட்டின் எச்எஃப்120 வரை சிறிய இயந்திரங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. கசிவுத் தொல்லையை இது வெகுவாகக் குறைக்கிறது, முழுமையாக நீக்கவில்லை.

நம் சிலேத்தாரில் இந்த இரண்டு அளவுகளும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. ட்ரென்ட் இயந்திரங்களைப் பொருத்தும் ரோல்ஸ்-ராய்ஸ் ஆலை அங்கே 2012ல் திறக்கப்பட்டது. தனியார் ஜெட்டுகள் வந்திறங்குவதும் அதே சிலேத்தார் விமான நிலையத்தில்தான். அங்கு வேலைக்குச் செல்ல விரும்பும் பலதுறைத் தொழிற்கல்லூரி நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. பெரியதில் கிடைத்த முன்னேற்றம் அப்படியே சிறியதற்கு வந்துவிடும் என்று அவர்களில் சிலரும் நினைக்கிறார்கள். இயற்பியல் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

சரி, எரிபொருளை மாற்றினால்? 2023 நவம்பரில் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி600 ஒன்று, முழுக்க நீடித்த நிலைத்தன்மைமிக்க எரிபொருளில் அட்லாண்டிக்கைக் கடந்தது. அதே மாதம், சில நாள்கள் கழித்து, வெர்ஜின் அட்லாண்டிக் செய்த அதே சாதனைக்குத்தான் உலகம் கைதட்டியது. தொழில்நுட்பம் தயார். கையிருப்புதான் இல்லை. துவாஸில் நெஸ்டே நிறுவனத்தின் ஆலை ஆண்டுக்கு ஒரு மில்லியன் டன்வரை தயாரிக்கும் திறன் கொண்டது. அப்படியிருந்தும் 2024ல் சிங்கப்பூர் அறிவித்த இலக்கு 2026க்கு 1 விழுக்காடு, 2030க்குள் 3 முதல் 5 விழுக்காடு. இந்த எரிபொருள் வழக்கமானதைவிடப் பல மடங்கு விலை அதிகம். கிடைக்கும் கொஞ்சத்தை யாருடைய தொட்டியில் ஊற்றுவது என்ற கேள்விக்குப் பொறியியல் பாடத்தில் விடை கிடையாது.

ஆனால் அந்த 500 கிலோமீட்டர் பயணங்களுக்கு ஒரு விடை இருக்கிறது, அதுவும் பழைய விடை. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம் என்றால், அதன் உச்சம் வெளியுறையே இல்லாத பெரிய விசிறி. அதாவது, புரொப்பெல்லர். பிலாட்டஸ் பிசி-12 போன்ற விமானம் மணிக்கு 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல் பறக்கும்; சிறிய ஜெட் 700ஐத் தாண்டும். 500 கிலோமீட்டரில் இருவருக்கும் உள்ள வித்தியாசம் சுமார் கால் மணி நேரம். போதாக்குறைக்கு, 40,000 அடி உயரத்தில் சிக்கனமாகப் பறக்க வடிவமைக்கப்பட்ட ஜெட், குறுகிய பயணத்தில் மேலே ஏறிய கையோடு இறங்கத் தொடங்கிவிடுகிறது. அவசர நோயாளியை ஏற்றிச் செல்லும் விமானத்துக்கு அந்தக் கால் மணி நேரம் உயிர். மற்றவர்களுக்கு? ‘ஜெட்’ என்ற சொல்லுக்காகவே பலர் பணம் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

வேடிக்கை என்னவென்றால், பெரிய விமானங்களுக்கு இயந்திரம் செய்யும் சிஎஃப்எம் நிறுவனம் 2021ல் அறிவித்த ரைஸ் திட்டத்தில் விசிறியைச் சுற்றிய உறையையே கழற்றிவிட்டது. 2030களின் நடுவில் அது பறக்கலாம். நூற்றைம்பது பேரோடு புரொப்பெல்லர் போன்ற ஒன்றில் நாம் போய்க்கொண்டிருக்கும்போது, நால்வர் மட்டும் ஜெட்டில் நம்மைக் கடந்து போவார்கள்.