பிஸ்டன் புதுசு... புகை ஏன் நிற்கவில்லை?

'கிணற்றுப் பாசனத்துக்கு 5 ஹெச்.பி ஆயில் இன்ஜின் வைத்திருக்கிறோம். அப்பா காலத்தில் வாங்கியது. ஆயில் அதிகம் குடித்ததால், கடன் வாங்கிப் புது பிஸ்டன், ரிங் போட்டோம். தினமும் ஓட்டியும் 20 நாளாக நீலப் புகை நிற்கவில்லை. மறுபடியும் பிரிக்க வேண்டுமா?'

- வாசகர், துறையூர்.

நீலப் புகை வந்தால், ஆயில் மேலேறி டீசலோடு எரிகிறது என்று அர்த்தம். புது ரிங், லைனரோடு படியும் வரை கொஞ்சம் புகை வருவது சகஜம். 20 நாள் ஆகியும் வந்தால், பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

லைனரை மாற்றியதாகக் கடிதத்தில் இல்லை. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ரிங் உரசி உரசி லைனரின் மேல்பகுதி தேய்ந்து, வட்டம் கெட்டிருக்கும். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள். படி போலத் தட்டுப்பட்டால், அந்த லைனரில் எவ்வளவு நல்ல ரிங் போட்டாலும் ஒட்டி நிற்காது. படியில் இடித்துப் புது ரிங் உடைவதும் உண்டு. கழற்றும் வகை லைனராக இருந்தால், பிஸ்டன், ரிங், லைனர் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றிவிடுங்கள். லைனர் செலவை மிச்சம் பிடிக்கப் போய், இரண்டு முறை கூலி கொடுப்பவர்கள்தான் அதிகம்.

மாட்டும்போது பக்கத்திலேயே இருங்கள். ஒவ்வொரு ரிங்கையும் தனியாக லைனருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். 80 மி.மீ உள்விட்டத்துக்குச் சுமார் 0.25 முதல் 0.35 மி.மீ வரை இருக்கலாம். இன்ஜின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால், அதுதான் கணக்கு. இடைவெளி குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி, லைனரில் கோடு விழும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால், பல பட்டறைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ரிங்கில் 'டாப்' என்று இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். ரிங் வாய்கள் ஒரே நேராக நிற்கக் கூடாது. ஆயில் தடவி, ரிங் கிளாம்ப் போட்டு, சுத்தியலின் மரப்பிடியால் மெதுவாகத் தள்ளினாலே பிஸ்டன் இறங்கிவிடும். இறுகினால் அடிக்காமல் வெளியே எடுத்து, ரிங்கைச் சரிபார்க்க வேண்டும்.

முதல் சில நாள்கள் டெலிவரி வால்வைக் கொஞ்சம் குறைத்து ஓட்டிவிட்டு, ஆயிலை மாற்றுங்கள். ஏர் ஃபில்டரையும் கையோடு பார்த்துவிடுங்கள். அதில் ஓட்டை இருந்தால், உள்ளே போகும் மண் தூசியே புது லைனரைத் தின்றுவிடும்.